தொட்டிலுக்கு மேல் ஒரு ஹெலிகாப்டர்

போன வாரம் பெரியவளைப் பாதிப் படிக்கட்டில் நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டோம். கையில் ஒரு பை, தோளில் ஒரு பை, மேல்மூச்சு கீழ்மூச்சு. அவள் ஒருவழியாக ஏறி வந்துவிட்டாள். தங்கையின் கையிலிருந்த குழந்தையை வாங்கி மோந்து பார்த்தாள்.

"பால் வாசம் வரணும். பெயிண்ட் வாசம் வருது" என்று தங்கை புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

அன்றிலிருந்து வீடு அவள் கைக்குப் போயிற்று.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியவளும் சின்னவளும் அக்கா தங்கை. சின்னவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் போய்விட்டாள். ஊரை விட்டு வந்த வழியில் காய்ச்சல் என்று பெரியவள் சொல்வாள். அதற்கு மேல் கேட்டால் துணி காயப் போட எழுந்து போய்விடுவாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பிறத்தியார் படுத்த விரிப்புகளை வெளுத்தே தங்கையை ஆளாக்கினாள். கல்யாணம் என்று ஒன்றை அவள் நினைத்துப் பார்த்தாளா என்று கேட்கவும் ஆள் இல்லை.

சின்னவளுக்கு மாத்திரைத் தொழிற்சாலையில் வேலை. புருஷன் கார்களுக்கு வர்ணம் அடிக்கிற பெயிண்டர். குழந்தைக்கு வீட்டில் வைத்த பெயர் பட்டாணி. பிரசவ விடுப்பு முடிந்துவிட்டது. குழந்தையை யாரிடம் விடுவது என்ற கேள்விக்குச் சின்னவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. தன்னை வளர்த்தவளிடம்தான் தன் பிள்ளையையும் விடுவாள். பெரியவளும் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

இன்று சின்னவள் வேலைக்குத் திரும்புகிற முதல் நாள்.

*

காலையில் வீடு ரயில் வந்து நின்ற நடைமேடை மாதிரி இருந்தது. பெரியவள் குளியலறையில். சின்னவள் ஒரு காலில் செருப்போடு மற்ற செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். பெயிண்டர் தொட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஏறி நின்று கூரைக் கொக்கியில் மீன்பிடிக்கிற நரம்பைக் கட்டிக்கொண்டிருந்தான்.

நரம்பின் கீழ்முனையில் ஒரு ஹெலிகாப்டர் தொங்கியது.

கடையில் பெட்டியோடு வாங்குகிற சாமான் அது. உள்ளே சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். சட்டத்தில் நூற்றுக்கணக்கில் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாய் வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒட்டி, வர்ணம் அடிக்க வேண்டும். நிஜத்தைச் சுருக்கி அப்படியே செய்த உருவம். இது சண்டைக்குப் போகிற வகை. மூக்குக்கு அடியில் துப்பாக்கி, இரண்டு பக்கமும் குட்டை இறக்கை, இறக்கைக்குக் கீழே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக ராக்கெட் குழல்கள்.

பெயிண்டர் அதைப் பட்டறையின் பின்னறையில் வைத்து மாதக்கணக்கில் செய்தான். பொம்மைக் கடைக்காரர் சொல்லிச் செய்தது. நன்றாக வந்தால் கடை முகப்புக் கண்ணாடியில் வைப்பார். சனிக்கிழமை வந்து எடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் தன் பிள்ளை பார்க்கட்டுமே என்று நேற்றுத்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தான். பெரியவள் அப்போது தூங்கிப் போயிருந்தாள்.

"பொம்பளப் புள்ளைக்குத் தொட்டில் மேல தொங்க விட உனக்கு இதுதான் கிடைச்சுதா?" என்றாள் சின்னவள்.

"ஏன், இதுவும் பறக்கிறதுதானே."

"கிளி தொங்க விடுவாங்க. மீனு தொங்க விடுவாங்க."

"கிளி யாரு வேணா செய்வாங்க. இந்த ஆணி வரிசையப் பாரு. ஒவ்வொரு ஆணித்தலையும் ஊசியால வச்சேன்."

"எனக்கு ஒரு செருப்பு வேணும். அதச் செஞ்சு குடு முதல்ல."

செருப்பு தொட்டிலுக்கு அடியில் கிடைத்தது. அவள் குனிந்து எடுத்த கையோடு பட்டாணியின் வயிற்றில் ஒரு முத்தம் வைத்தாள். போக மனமில்லாமல் இன்னொன்று. பிறகு குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, போயிட்டு வர்றேன்."

"போ, போ. அழுதுகிட்டு நிக்காத."

"நான் எங்க அழறேன்?"

"குரல்லயே தெரியுது. மூக்கச் சிந்திட்டுப் போ."

அவள் போன பின்பு பெயிண்டர் ஹெலிகாப்டரின் வயிற்றில் இருந்த சின்ன விசையைத் தள்ளினான். உள்ளே பேட்டரியும் மோட்டாரும் உண்டு. தலைமேல் விசிறி சுற்றத் தொடங்கியது. ஒரு இதழ் லேசாக வளைந்திருந்ததால் சுற்றுக்கு ஒருமுறை எங்கோ உரசி, டக டக டக என்று சத்தம் வந்தது. சரி பண்ணியிருக்கலாம். நிஜம் மாதிரியே இருக்கிறதே என்று விட்டுவிட்டான்.

பட்டாணி இரண்டு காலையும் உதைத்துச் சிரித்தாள்.

"அண்ணி, நானும் கிளம்பறேன். புள்ள முழிச்சு விளையாடறா" என்று குரல் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

*

தொழிற்சாலையில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தலைக்கு வலைத்தொப்பி, வாய்க்கு மூடி, கைக்கு உறை. எல்லோரும் ஒரே மாதிரி தெரிவார்கள். ஆனாலும் தன் இடத்தில் வேறொருத்தி நிற்கிறாள் என்பது சின்னவளுக்குத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது.

மேற்பார்வைக்காரியை எல்லோரும் 'விசில்' என்பார்கள். கூப்பிட்டால் அப்படி இருக்கும்.

"வந்துட்டியா? இந்தப் பொண்ணு இத்தனை நாள் உன் இடத்துல நின்னா. கை வேகமா இருக்கு. அதையும் சொல்லிடறேன்."

"நான் வந்துட்டேன்ல மேடம்."

"வந்தா மட்டும் போதாது. நிக்கணும். புள்ளைக்குச் சளி, புள்ளைக்கு வயித்தாலன்னு ஓடினே, அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"எங்க அக்கா இருக்காங்க மேடம். நான் ஏன் ஓடறேன்?"

அந்தப் புதுப்பெண் நகர்ந்து அடுத்த மேசையில் நின்றுகொண்டாள். கண் மட்டும் இந்த மேசையில் இருந்தது. சின்னவள் அட்டைகளை அடுக்கத் தொடங்கினாள். கை மறந்திருக்கவில்லை. நெஞ்சில்தான் பால் ஊறி, சட்டைக்கு உள்ளே வைத்த துணி நனைந்துகொண்டிருந்தது.

*

மதியச் சாப்பாட்டுக்குப் பெயிண்டர் வீட்டுக்கு வந்தான். கீழ்ப்படியில் ஒரு பால் புட்டி கிடந்தது. பட்டாணியின் புட்டிதான். ரப்பர் கழன்று, பால் படியில் வழிந்து காய்ந்திருந்தது.

அவன் மற்றப் படிகளைக் கண்ணால் பார்க்கவே இல்லை. தாவி ஏறினான். கதவு அகலத் திறந்து கிடந்தது.

தொட்டில் காலி. போர்வை தரையில். குளியலறைக் கதவுக்கு வெளியே ஈரக் காலடிகள் வந்து, தொட்டிலண்டை நின்று, வாசலுக்குப் போயிருந்தன. காய்ந்த தடம்.

தொட்டிலுக்கு மேலே ஹெலிகாப்டர் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. டக டக டக.

"அண்ணி!"

சமையலறையில் இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. அண்ணியின் செருப்பு வாசலிலேயே இருந்தது. தலைக்குள் ஏதேதோ வந்தது. அவன் படியில் இறங்குகையில் கீழ்வீட்டு லாரிக்காரர் பனியனோடு வெளியே வந்தார். ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிற மனிதர். முகத்தில் தலையணை மடிப்பு.

"என்னய்யா, மாடிப்படியா, ஓட்டப்பந்தயத் திடலா? காலையில அந்தம்மா, இப்ப நீ."

"எங்க அண்ணியப் பாத்தீங்களா? குழந்தை?"

"பாத்தேன். தலை ஈரமா, புள்ளையச் சுருட்டிக்கிட்டு அப்படி ஒரு வேகம். எதிர்ல நான் வர்றேன். 'படுங்க, கீழ படுங்க'ன்னு கத்தறாங்க. நான் படுக்கத்தானேம்மா போறேன்னேன்." அவர் சிரிக்கத் தொடங்கி, இவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏன்யா, என்ன ஆச்சு?"

"எங்க போனாங்க?"

"வெளிய போன மாதிரி தெரியல. கேட் சத்தம் கேக்கல."

வெளியே போகவில்லை என்றால் இருப்பது ஒரே இடம். படிக்கட்டுக்கு அடியில், கட்டடத்துக்கே தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் அறை. ஆள் குனிந்துதான் நுழைய முடியும். தகரக் கதவு. பெயிண்டர் தள்ளினான். உள்ளே தாழ் போட்டிருந்தது.

"அண்ணி?"

"கத்தாதீங்க தம்பி." மூச்சளவுதான் குரல்.

"குழந்தை?"

"இருக்கா."

"கதவத் திறங்க."

"அது போகட்டும்."

"எது?"

"உங்களுக்குக் காது கேக்கலையா? மேல சுத்துது."

அவன் மூச்சைப் பிடித்துக் கேட்டான். குழாய் சொட்டுகிற சத்தம். வேறொன்றும் இல்லை. அதன் பிறகுதான் அவனுக்கு உறைத்தது. எது சுற்றுகிறது, அதை யார் சுற்ற விட்டார்கள் என்பதெல்லாம்.

லாரிக்காரர் அவன் தோளைத் தொட்டு ஓரமாக இழுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரு. மேல்தொட்டியில தண்ணி இறங்கினா இந்த மோட்டார் தானா ஓடும். பெல்டுக்கு மூடி கிடையாது. ஆள் நிக்கற இடமே பெல்டுக்குப் பக்கத்துலதான். இருட்டு வேற. துணி மாட்டிச்சுன்னா..."

"நிறுத்த முடியாதா?"

"மெயினையே இறக்கிடறேன். யாரு வீட்டு டிவி நின்னாலும் திட்டு எனக்குத்தானே. நீ உன் வீட்டுக்காரியக் கூப்பிடு. நீ பேசினா திறக்க மாட்டாங்க."

பெயிண்டர் தொழிற்சாலை வாயில் எண்ணுக்குப் போன் போட்டான். காவலாளி, பிறகு அலுவலகம், பிறகு நீண்ட காத்திருப்பு. கட்டடத்தில் மின்விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மாடியில் யாரோ திட்டினார்கள். போனில் சின்னவள் 'அலோ' என்றதும் அவனுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

"குழந்தை நல்லா இருக்கா. நீ வா" என்றான். அப்படிச் சொன்னால் எந்தத் தாய்க்கும் உயிர் போய்விடும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

அவள் வருகிற இடைவெளியில் அவன் மேலே ஓடினான். மின்சாரம் இல்லாவிட்டாலும் ஹெலிகாப்டர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வயிற்று விசையைத் தள்ளக் கை நீட்டியவனுக்கு, அதற்கு நேர் கீழே தொட்டில் பக்கத்தில் மண்டியிட வேண்டி வந்தது.

மாதக்கணக்கில் அதை மேசையில் வைத்து மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்தவன். கீழேயிருந்து ஒருநாளும் பார்த்ததில்லை. மூக்குத் துப்பாக்கி நேராகப் பட்டாணியின் தலையணையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் விசையைத் தள்ளினான். சத்தம் நின்றது. 

*

"போனா போ" என்று விசில் சொல்லியிருந்தாள். "இன்னைக்கு ஒரு நாள் விட்டுடறேன். நாளைக்குக் காலையில ஷிப்டுக்கு இல்லேன்னா அந்த இடம் அவளுக்கு. சாயங்காலம் போன் பண்றேன், ஆமாவா இல்லையான்னு சொல்லு."

சின்னவள் வலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து சேர்ந்தாள். தகரக் கதவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தாள்.

"அக்கா. நான் வந்துட்டேன். கதவத் திற."

தாழ் அசையவில்லை.

"குழந்தையக் குடுக்கா. விளையாடாத."

"நீயும் உள்ள வந்துடு. வெளிய நிக்காத."

"வெளிய ஒண்ணுமே இல்லக்கா."

"அப்படித்தான் இருக்கும். ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருக்கும்."

பட்டாணியின் சத்தம் வரவில்லை. பசி நேரத்தில் கட்டடத்தையே எழுப்புகிற பிள்ளை.  ஏன் அழவில்லை? அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் தகரத்தை உடைக்கலாமா என்று கையால் கேட்டான். லாரிக்காரர் கடப்பாரையோடு நின்றார். அடித்தால் அந்தச் சத்தத்துக்கு உள்ளே இருப்பவள் என்ன செய்வாள் என்று தெரியாது. அவள் வேண்டாம் என்று கையசைத்தாள்.

கெஞ்சிப் பார்த்தாள். அதட்டிப் பார்த்தாள். கடைசியில் உடம்புதான் பேசிற்று.

"அக்கா, எனக்குப் பால் கட்டிக்கிச்சு. கல்லு மாதிரி ஆயிடுச்சு. காலையிலேர்ந்து குடுக்கல. வலி உயிர் போகுது. கொஞ்சம் புள்ளையக் குடேன்."

உள்ளே அசைவு.

"ரொம்பக் கட்டிக்கிச்சா?"

"கையத் தூக்க முடியல."

"வெந்நித் துணி வச்சியா?"

"எங்க வைக்கறது? நீதானே இங்க வந்து உக்காந்துட்ட."

"அறிவு கெட்டவ. அப்பவே சொன்னேன், இடைவேளையில பீச்சி விடுன்னு" என்றபடி பெரியவள் தாழை எடுத்தாள்.

முடியிலிருந்து முழங்கால் வரை ஈரம். தண்ணீரா வேர்வையா தெரியவில்லை. குழந்தையை நெஞ்சோடு சேர்த்து ஒரு கையால் பிடித்திருந்தாள். மற்றக் கை குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சின்னவள் பிள்ளையைப் பறித்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தாள். பட்டாணி ஒரு தடவை மூச்சை இழுத்து, பிறகு வானம் கிழிகிற மாதிரி அழுதாள்.

வலது கன்னத்தில் விரல் தடங்கள் சிவந்து கிடந்தன.

"வாயப் பொத்தினியா?"

"அழுதா கேட்டுடும்."

"யாருக்குக் கேக்கும்? யாருக்குக்கா?"

பெரியவள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

மாலையாயிற்று. பட்டாணி குடித்தாள், தூங்கினாள், விழித்துக் குடித்தாள். கன்னத்துத் தடம் மங்கிவிட்டது. மருத்துவரிடம் காட்டியதில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். ஒன்றுமில்லை என்று கேட்ட பிறகுதான் சின்னவளுக்குக் கோபம் முழுசாக வந்தது.

"நான் வேலைக்குப் போகல" என்றாள். "போன் வந்தா சொல்லிடப் போறேன். உன்கிட்ட இவள விட்டுட்டு என்னால அங்க நிக்க முடியாது. நீ என்னை வளத்தவ. இத வேற மாதிரி சொல்ல எனக்குத் தெரியலக்கா."

"சரிதான்" என்றாள் பெரியவள்.

சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து, வந்த அன்று கொண்டுவந்த பையை எடுத்து, கொடியில் கிடந்த தன் துணிகளை மடிக்கத் தொடங்கினாள். சலவைக்கூடத்து மடிப்பு. ஓரத்தோடு ஓரம், விரலால் ஒரு நீவல்.

பெயிண்டருக்குத் தாங்கவில்லை. நாற்காலியில் ஏறி நரம்பை அறுத்து ஹெலிகாப்டரைச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். சுத்தியலை எடுத்தான்.

"எல்லாம் இந்தச் சனியனால. என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

"தம்பி, உடைக்காதீங்க."

"இது இந்த வீட்ல இருக்கக் கூடாது அண்ணி."

"உடைச்சா துண்டு துண்டாத்தான் தெரியும்." பெரியவள் மடித்த துணியைப் பையில் வைத்துவிட்டு வந்தாள். "அது சும்மா நிக்கும்போது நான் பாத்ததே இல்ல. ஒரு தடவை பாத்துக்கறேன்."

அவள் மேசையைச் சுற்றி நடந்தாள். தொடவில்லை. வால் பக்கம் நின்றாள். இறக்கைப் பக்கம் நின்றாள். முன்பக்கம் வந்ததும் குனிந்தாள். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக உயர்ந்து போகிற கண்ணாடிக் கூடு. உள்ளே நகத்தளவு மனிதர்கள்.

"ரெண்டு பேரா?"

"ஆமா. பின்னாடி உசரத்துல இருக்கிறவன் ஓட்டறவன். முன்னாடி இருக்கிறவன்..." பெயிண்டர் நிறுத்தினான்.

"சுடறவன். சொல்லுங்க."

"சுடறவன்."

"இந்தத் துப்பாக்கி எப்படித் திரும்பும்? கையால திருப்புவானா?"

"இந்த ரகத்துல அப்படி இல்ல அண்ணி. அவன் தலைக்கவசத்தோட சேத்திருக்கும். அவன் தலை எந்தப் பக்கம் திரும்புதோ, துப்பாக்கியும் அந்தப் பக்கம் திரும்பும்."

பெரியவள் நிமிரவில்லை.

"பாத்தாலே போதுமா?"

"பாத்தா அங்க திரும்பும். அப்புறம் விரல்தான்."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அந்த இழுவைச் சத்தத்துக்கு மூன்று பேருமே திடுக்கிட்டார்கள்.

"அது கண்ணு இல்லாத மெஷின்னு நெனச்சேன்" என்றாள். "அதுபாட்டுக்கு வரும், அதுபாட்டுக்குத் திரும்பும்னு. வெட்டவெளி. ரொம்பத் தாழ வந்து நின்னுச்சு. மண்ணு பறக்குது. எல்லாரும் ஓடறாங்க, எனக்குக் கால் வரல. நேரா என்னைப் பாத்து இருந்துச்சு இந்தத் துப்பாக்கி. இப்படி." அவள் விரலைத் தன் நெஞ்சுக்கு நேராக வைத்தாள். "அப்புறம் திரும்பிடுச்சு. தானாத் திரும்பிடுச்சுன்னுதான் இத்தனை நாளும். கண்ணாடிக்குள்ள ஆள் இருந்தது தெரியும். அவன் தலை திரும்பினதும் தெரியும். ரெண்டும் ஒண்ணுன்னு தெரியாமப் போச்சு."

"எந்தப் பக்கம் திரும்பிச்சு?" என்றாள் சின்னவள். கேட்ட பிறகுதான் ஏன் கேட்டோம் என்று இருந்தது.

"அம்மா ஓடின பக்கம்."

பட்டாணி தூக்கத்தில் சப்புக்கொட்டினாள்.

"காய்ச்சல்னு சொன்ன."

"சொன்னேன்."

"எத்தனை தடவை கேட்டிருப்பேன். எந்தக் காய்ச்சல், எத்தனை நாள்னு. மருந்து பேருகூடச் சொல்லியிருக்க."

"சொன்னேன். நல்லாத்தான் சொன்னேன்."

"அவன் ஏன் உன்னை விட்டான்?"

பெரியவள் தங்கையின் மடியில் தூங்குகிற பிள்ளையைப் பார்த்தாள். 

"அக்கா, உன் கையில என்ன இருந்துச்சு?"

"நீ கேப்பேன்னு தெரியும். அதான் காய்ச்சல்னு சொன்னேன்."

"நான்தானா?"

"வாயப் பொத்தியிருந்தேன். நீ அழல."

சின்னவள் எழப் பார்த்தாள். மடியில் பிள்ளை இருந்ததால் முடியவில்லை. "நீ என்னைத் தூக்காம நின்னிருந்தா, துப்பாக்கி அம்மா பக்கம்..."

"போதும்." அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து பெரியவள் தங்கையிடம் குரலை உயர்த்தியது அப்போதுதான். "அந்தக் கேள்வி என்கிட்டயே இருக்கட்டும். உனக்கு வேண்டாம். நீ சாப்பிடணும், தூங்கணும், வேலைக்குப் போகணும்னுதானே இத்தனை வருஷம் அத நான் வச்சிருக்கேன்."

பெயிண்டர் சுத்தியலைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தான்.

"தம்பி" என்றாள் அவள். "முன்னாடி இருக்கிறவன வெளிய எடுத்துத் தாங்க."

கண்ணாடிக் கூடு பசையில் ஒட்டியது. எடுக்க வேண்டுமானால் சுற்றிலும் கத்தி போட வேண்டும். போட்டால் கீறல் விழும், மறுபடி உட்காராது. சனிக்கிழமை கடைக்காரர் வந்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. பெயிண்டர் இதையெல்லாம் யோசித்தானோ என்னவோ, கத்தி ஏற்கெனவே கையில் இருந்தது. மெல்லக் கீறினான். கூடு படக்கென்று விரிந்து பெயர்ந்தது. இடுக்கியால் அந்த மனிதனைப் பிடுங்கி அவள் உள்ளங்கையில் வைத்தான்.

ஒரு நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரியவன். தலைக்கவசம், கருப்புக் கண்மூடி.

"முகம் போடலையா?"

"கண்மூடிய இறக்கி விட்ட மாதிரி வரைஞ்சேன் அண்ணி. முகம் இந்த அளவுல வராது."

"இருந்துச்சு" என்றாள் பெரியவள். "சின்ன வயசு." கையை மூடிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மேற்பார்வைக்காரி விசில்தான். சின்னவள் எடுக்காமல் அதைப் பார்த்தாள். பெயிண்டர் எடுத்து அவள் காதில் வைத்தான்.

"என்ன, ஆமாவா இல்லையா?"

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். மடித்து வைத்த பையைப் பார்த்தாள். பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தாள். அங்கே இப்போது ஒன்றும் இல்லை.

"வர்றேன் மேடம்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

போனை வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் பேசினாள். "நாளைக்கு ஒரு நாள் இவரு பட்டறைக்குப் போக வேண்டாம். ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கங்க. நாளன்னைக்கு என்னன்னு நாளன்னைக்குப் பாப்போம். அந்தப் பையக் காலி பண்ணுக்கா."

"பயமில்லையா உனக்கு?"

"இருக்கு. இந்தா, பிடி. எனக்குக் கை மரத்துப் போச்சு."

அவள் பட்டாணியை நீட்டினாள். பெரியவள் தயங்கினாள். பிறகு வாங்கிக்கொண்டாள். ஒரு கை விரிந்து பிள்ளையின் இடுப்பைத் தாங்கியது. மற்றக் கை மூடியபடியே பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் போயிற்று.

பெயிண்டர் அந்தக் கையைப் பார்த்தான். உள்ளே இருந்த அந்தக் குட்டி மனிதனைக் கேட்டு வாங்க வாயைத் திறந்தான். சின்னவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

பட்டாணி அந்த மூடிய கையின் மேல் நன்றாகச் சாய்ந்து, பெரிதாக ஒரு ஏப்பம் விட்டாள்.